எழுதும் வேகம் எங்கிருந்து வருகிறது?

கல்முனைக் கரையில் 2005ஆம் ஆண்டில் வேலை செய்த அலுவலகங்கள் பலவற்றின் அலுமாரிகளில் இன்றும் ஒரு பொருளைக் காணலாம். நடுவே தண்டு கொண்ட வட்டப் பெட்டியும், அதில் அடுக்கிய சீடிகளும் டீவீடிகளும்தான் அவை. எமது அலுமாரியிலும் அப்படியொன்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் நெடுகிலும் வீடுகளோடு சேர்ந்து காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கலியாணப் படங்களும் போயின. பின்வந்த மாதங்களில் உறவினர்களிடம் எஞ்சியிருந்த படங்களையும் கடதாசிகளையும் வாங்கி, ஸ்கேன் செய்து, இறுவட்டில் எழுதிக் கொடுப்பது எம்போன்றோரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று 2005இல் அறிவிக்கப்பட்டபோது, இங்கேதான் எமது வீடு இருந்தது என்று காட்டுவதற்கும் சிலருக்கு அந்தப் படங்களே மிஞ்சியிருந்தன.

கடந்த வருடம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு ராத்தா வந்தார். அன்று நாம் எழுதிக் கொடுத்த டீவீடி அவர் கையில் இருந்தது. "பாதர், இதுக்குள்ளதான் என்ட மகன்ட போட்டோ கிடக்கு. வேற ஒண்டும் எங்கிட்ட இல்ல. போன்ல போட்டுத் தாங்களேன்" என்றார்.

எமது கணனி அந்தத் தட்டை ஏற்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கணனி ஒன்றில் போட்டோம். அது இருபது நிமிடம் முனகி முனகி வாசித்தது. படம் கிடைத்தது. ஆனால் அலுமாரியில் இருந்த மற்றத் தட்டுக்களை எண்ணி எமக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, வன்தட்டில் சேர்த்து, நாற்பது குடும்பங்களுக்கும் குடும்பத்துக்கு இரண்டு பிரதியாகப் புதிய டீவீடிகளில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

பென்டிரைவும் கைத்தொலைபேசியும் இருக்கும்போது இன்னும் ஏன் டீவீடி என்று வாசகர்கள் கேட்கலாம். பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தோம். ஆனால் பென்டிரைவைப் பிள்ளைகள் பாட்டுக்காக அழித்துவிடுவார்கள். கைத்தொலைபேசி கிணற்றில் விழும். ஒருமுறை மாத்திரம் எழுதக்கூடிய தட்டை எவரும் தவறுதலாக அழிக்க முடியாது, கணனி வைரசும் அதனுள் புக முடியாது. ஒரு பிரதியாவது அப்படி இருப்பது நல்லது.

அங்கேதான் இக்கட்டுரைக்கான சிக்கல் எழுந்தது. தட்டின் பெட்டியில் 16 எக்ஸ் என்று போட்டிருந்தது. எழுதும் கருவியின், அதாவது ரைட்டரின், முகத்திலும் 16 எக்ஸ் என்றே இருந்தது. ஆனால் எழுதத் தொடங்கினால் 4 எக்ஸ் வேகத்துக்கு மேல் அது அசையவில்லை. ஒரு தட்டுக்கு 15 நிமிடம் சென்றது. 80 தட்டுக்களுக்குக் கணக்குப் பார்த்தால் 20 மணித்தியாலம். கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தோம். கல்முனைக் கடைத்தெருவில் கணனி திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரைட்டர்ல பிழை இல்ல பாதர். இந்த டிஸ்க் ஆரெண்டு அதுக்குத் தெரியா. பேர்ம்வெயார மாத்தோணும்" என்றார்.

அவர் சொன்ன ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எமக்கு இரண்டு கிழமை பிடித்தது. விளங்கியதை இங்கே தருகிறோம்.

எக்ஸ் என்றால் என்ன?

முதலில் இந்த எக்ஸ் கணக்கு. பாட்டுச் சீடி ஒன்று சாதாரணமாக ஓடும் வேகமே 1 எக்ஸ். அதாவது ஒரு செக்கனுக்கு 150 கிலோபைட் தரவு. டீவீடியின் 1 எக்ஸ் இதைவிடப் பெரியது. அது செக்கனுக்கு ஏறக்குறைய 1,385 கிலோபைட். எனவே 16 எக்ஸ் டீவீடி என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 22 மெகாபைட். 4.7 கிகாபைட் கொண்ட தட்டை 1 எக்ஸில் எழுத ஒரு மணித்தியாலம் அளவில் செல்லும். 4 எக்ஸில் 15 நிமிடம், 8 எக்ஸில் 8 நிமிடம், 16 எக்ஸில் 6 நிமிடம் ஆகும். 16 எக்ஸ் எப்படி 8 எக்ஸின் பாதி நேரமாகவில்லை என்று கேட்பீர்கள். தட்டின் வெளி ஓரத்தை அடையும்போதுதான் அந்த 16 வருகிறது. உள் ஓரத்தில் எழுதத் தொடங்கும்போது வேகம் அதில் பாதிக்கும் குறைவு. பெட்டியில் அச்சிடப்படுவது எப்போதும் மிகக்கூடிய இலக்கமே.

4 எக்ஸிலிருந்து 8 எக்ஸுக்குப் போனால் தட்டுக்கு 7 நிமிடம் மிச்சம். 8இலிருந்து 16க்குப் போனால் 2 நிமிடமே மிச்சம். இக்கணக்கைப் பின்னால் மீண்டும் எடுப்போம்.

கருவிக்குள் இருக்கும் கைந்நூல்

எழுதக்கூடிய தட்டு ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத சுருள் பள்ளம் ஒன்று உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. டீவீடியின் சுருளை நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் வரும். கல்முனைச் சந்தியில் பிடித்தால் நிந்தவூரையும் தாண்டிப் போகும். பள்ளத்தின்மேல் ஒரு சாயப் படலம் பூசப்பட்டிருக்கிறது. கருவியிலுள்ள சிவப்பு லேசர் ஒளி அச்சாயத்தைச் சுட்டு, நீண்டதும் குறுகியதுமான குறிகளை இடுகிறது. 'பேர்ன்' பண்ணுதல் என்று நாம் சொல்வது வெறும் பேச்சல்ல, அங்கே உண்மையாகவே எரிகிறது.

ஒவ்வொரு கம்பனியின் சாயமும் ஒவ்வொரு விதம். ஒன்று கொஞ்ச வெப்பத்துக்கே கருகும். இன்னொன்றுக்குக் கூடுதல் வெப்பம் வேண்டும். லேசர் எவ்வளவு பலத்தோடு, எவ்வளவு நேரம், எந்தத் துடிப்பில் சுடவேண்டும் என்பது சாயத்துக்குச் சாயம் மாறும். வேகத்துக்கு வேகமும் மாறும். 16 எக்ஸில் ஒரு குறியின் அடிப்படை அலகு ஏறக்குறைய இரண்டரை நானோசெக்கன் மட்டுமே. ஒரு செக்கனை 100 கோடி துண்டாக வெட்டினால் ஒரு துண்டின் பெயர் நானோசெக்கன். இதில் சிறிது பிசகினாலும் குறியின் ஓரம் மங்கிவிடும். எழுதியாயிற்று என்று திரை சொல்லும். ஆனால் வாசிக்கும்போதுதான் பிழை தெரியும்.

மருதமுனையில் தறியில் இருப்போரிடம் கேட்டால் இதை எம்மைவிட நன்றாக விளக்குவார்கள். நூல் மாறினால் பாவின் இழுவை மாறவேண்டும், அடிக்கும் விசையும் மாறவேண்டும். கைபழகிய நூலென்றால் சாரம் மளமளவென்று ஏறும். அறியாத நூல் வந்தால் நெசவாளர் மெல்ல அடித்துப் பார்ப்பார். அறுந்துவிடுமோ என்ற பயம். ரைட்டரும் அவ்வாறே செய்கிறது.

தட்டைச் செய்த கம்பனி தன் அடையாளக் குறியீட்டைப் பள்ளத்தின் நெளிவிலோ, அதன் அருகே இடப்பட்ட நுண்குழிகளிலோ பதித்துவைக்கிறது. தட்டை உள்ளே தள்ளியதும் கருவி முதலில் அதைத்தான் வாசிக்கிறது. பின்னர் தன் நினைவகத்தில் உள்ள அட்டவணையைப் புரட்டுகிறது. இந்தக் குறியீட்டுக்கு இன்ன பலம், இன்ன துடிப்பு, ஆகக்கூடியது இன்ன வேகம் என்று அங்கே எழுதியிருக்கும். குறியீடு அட்டவணையில் இருந்தால் அதன்படி எழுதும். இல்லாவிட்டால், 'இவர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று, எல்லாத் தட்டுக்கும் ஓரளவு பொருந்தும் பொது முறையில், குறைந்த வேகத்தில் எழுதும். எழுத முன்னர் உள் ஓரத்தில் ஒதுக்கிய சிறு இடத்தில் லேசர் பலத்தைச் சோதித்தும் பார்க்கும். ஆனால் அச்சோதனை அட்டவணையின் குறையை முழுதாக ஈடுசெய்யாது.

அந்த அட்டவணையையும், மோட்டாரையும் லேசரையும் நடத்தும் கட்டளைகளையும் கொண்டதே பேர்ம்வெயார். தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். கணனியில் நாம் ஏற்றும் மென்பொருள் போல் வன்தட்டில் இராது. கருவியின் உள்ளே ஒரு சில்லில் நிலையாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. ஆனால் முறைப்படி புதியதை எழுதினால் மாறும்.

எமது ரைட்டர் 2006ஆம் ஆண்டளவில் வாங்கியது. நாம் கடந்த வருடம் வாங்கிய தட்டோ பல வருடங்கள் பிந்திச் செய்யப்பட்டது. கருவி பிறந்தபோது அந்தத் தட்டே இல்லை. அட்டவணையில் எப்படி இருக்கும்? கம்பனி பின்னர் வெளியிட்ட நிலைபொருளில் அந்தக் குறியீடு சேர்க்கப்பட்டிருந்தது. அதை ஏற்றியதும் அதே கருவி, அதே தட்டு, 12 எக்ஸில் ஓடியது. மோட்டாரில் ஒரு திருகாணியும் திருகப்படவில்லை.

ஆயினும் ஒரு எல்லையைச் சொல்லவேண்டும். 8 எக்ஸ் மோட்டாரும் லேசரும் கொண்ட கருவியை நிலைபொருள் 16 எக்ஸ் ஆக்கிவிடாது. ஒரே கருவியை இரண்டு மாதிரிப் பெயரில், ஒன்றைக் கட்டுப்படுத்தி மலிவாகவும் மற்றதைத் திறந்துவிட்டு விலையாகவும் கம்பனிகள் விற்ற காலமும் இருந்தது. அப்படியான கருவிகளைத் தனியார் சிலர் தாமே திருத்திய நிலைபொருளால் திறந்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒரேயொரு ரைட்டர் வைத்திருக்கும் சங்கமோ பாடசாலையோ அந்த விளையாட்டில் இறங்கக்கூடாது என்பது எமது கருத்து.

பெட்டியின் பெயரும் உள்ளிருக்கும் ஆளும்

கடையில் தட்டு வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியில் உள்ள பெயர் ஒன்று, உள்ளே தட்டைச் செய்த கம்பனி வேறொன்று என்பது இந்தத் துறையில் சாதாரணம். ஒரே பெயர்ப் பெட்டியில் இந்த வருடம் ஒரு தொழிற்சாலையின் தட்டும் அடுத்த வருடம் இன்னொன்றின் தட்டும் வரும். அதனால், 'போன முறை இதே பெட்டிதான் வாங்கினோம், 16இல் எழுதியது, இம்முறை ஏன் 4?' என்று குழம்பவேண்டாம். இம்ஜ்பேர்ன் போன்ற இலவச மென்பொருள் தட்டின் குறியீட்டையும், கருவி அதற்கு அனுமதிக்கும் வேகங்களையும், கருவியில் உள்ள நிலைபொருளின் இலக்கத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும். முதலில் ஒரேயொரு தட்டை வாங்கி அதைப் பார்த்துவிட்டு 50 வாங்குவது புத்தி. நல்ல தட்டுக்குப் பேர்பெற்றிருந்த ஜப்பானின் தையோ யூடென் கம்பனி 2015இல் இத்தொழிலையே விட்டது. எழுதக்கூடிய புளூ-ரே தட்டுச் செய்வதை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. தெரிவு சுருங்கிக்கொண்டே போகிறது.

மெதுவாக எழுதுவதற்கெல்லாம் நிலைபொருளே காரணம் என்றும் எண்ணவேண்டாம். கடைத்தம்பியே இதைச் சொன்னார். தட்டையான பட்டி வயர் உள்ள பழைய கணனிகளில் விண்டோஸ் எக்ஸ்பீ ஓடினால், வாசிப்பில் சில பிழைகள் நேர்ந்தவுடன் விண்டோஸ் தானாகவே அந்தப் பாதையைப் பீஐஓ என்ற பழைய மெதுவான முறைக்கு இறக்கிவிடும். மறுபடி ஏற்றாது. டிவைஸ் மனேஜரில் போய் நாம்தான் அந்தப் பாதையை அகற்றிவிட்டுக் கணனியை மீள இயக்கவேண்டும். வெளியே பூட்டும் ரைட்டரை மிகப் பழைய யூஎஸ்பி துளையில் செருகினால் செக்கனுக்கு ஒரு மெகாபைட் அளவே போகும். டீவீடியின் 1 எக்ஸுக்குக்கூட அது போதாது. பின்னால் கறுத்திருக்கும் வயரை மாற்றியே வேகம் திரும்பிய கணனிகளும் உண்டு. கடற்காற்று படும் எமது ஊர்களில் உப்பும் தூசும் லென்ஸில் படிந்துவிடும். இவற்றையெல்லாம் பார்த்த பின்பே நிலைபொருளில் கைவைக்கவேண்டும். ஏனெனில் அதில் ஆபத்து உண்டு.

ஆபத்து எங்கே?

நிலைபொருளை மாற்றும்போது கருவி தன் பழைய அறிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்கிறது. ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம். அந்த இடைவெளியில் அதற்கு எதுவும் தெரியாது. அப்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கதவுகூடத் திறக்காது. கணனிக்கு அப்படியொரு கருவி இருப்பதே தெரியாமற் போகும்.

மின்சாரத்தைப் பற்றி எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். அதுவாவது நேரசூசியோடு வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் திடீரென்று மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அந்த நிமிடத்தில் கல்முனையில் எவராவது நிலைபொருள் ஏற்றிக்கொண்டிருந்தால், பாணந்துறைக் குரங்கு அவருடைய ரைட்டரையும் கொன்றிருக்கும்.

எமக்கும் அனுபவம் உண்டு. முதற் கருவி நன்றாக ஓடியதைக் கண்டு, அடுத்த கிழமை இரண்டாவது கருவிக்கு நாமே செய்யப் புறப்பட்டோம். யூபிஎஸ் பெட்டி மேசையின் கீழே இருந்தது. அதன் பற்றரி செத்து ஆறு மாதமாகியிருந்ததை எவரும் பார்க்கவில்லை. மின்சாரம் போனது அரை நிமிடம்தான். அந்தக் கருவி இன்று கதவு நிற்பதற்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுகிறது.

கருவி சாக மின்சாரம்தான் போகவேண்டும் என்பதுமில்லை. 2003 ஒக்டோபரில் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 என்ற இயங்குதளம் வெளிவந்தது. அதைத் தம் கணனியில் ஏற்றிய பலருடைய எல்ஜி சீடி வாசிப்பான்கள் ஒரேயடியாகச் செத்தன. காரணம் விசித்திரமானது. இடைநினைவகத்தில் தங்கியுள்ள தரவை வெளியே தள்ளு என்று ரைட்டர்களுக்குச் சொல்லும் ஒரு பொதுக் கட்டளையை அந்த இயங்குதளம் அனுப்பியது. அந்த எல்ஜி கருவிகள் வாசிப்பான்கள் மாத்திரமே. அக்கட்டளைக்கு அவற்றில் வேலை இல்லை. எனவே கம்பனி அந்த இலக்கத்தையே 'புதிய நிலைபொருளை ஏற்று' என்ற கட்டளைக்குப் பயன்படுத்தியிருந்தது. ஏற்று என்றதும் கருவி தன் அறிவை அழித்துவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தது. கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பின்னர் அதற்குத் திருத்தம் வந்தது. ஆயினும் நிலைபொருள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை உலகம் அன்று கண்டது.

ஆகவே செய்பவர்கள் கவனிக்கவேண்டியவை சில. கருவியின் மாதிரி இலக்கம் கடைசி எழுத்து வரை பொருந்தவேண்டும். முகப்பில் உள்ள பெயரை நம்பாமல், கழற்றி மேலே ஒட்டியுள்ள தாளைப் பார்க்கவேண்டும். ஒரே கருவி கணனிக் கம்பனியொன்றின் பெயரில் வந்திருந்தால் அதற்கான நிலைபொருள் வேறாக இருக்கலாம். கருவிக்குள் தட்டு எதுவும் இருக்கக்கூடாது. வைரஸ் காப்பு உட்பட மற்ற எல்லா நிகழ்ச்சிகளையும் மூடவேண்டும். யூபிஎஸ் வேலை செய்கிறதா என்பதைச் சுவர் ஆளியை நிறுத்திப் பார்த்த பின்பே தொடங்கவேண்டும். மடிக்கணனி என்றால் பற்றரி நிறைந்திருக்க, மின்னேற்றியும் பூட்டியிருக்கவேண்டும். பழைய நிலைபொருளைப் பிரதி எடுத்து வைக்க முடியுமானால் முதலில் அதைச் செய்யவேண்டும். முடிந்ததும் கணனியை முற்றாக நிறுத்தி, மீண்டும் இயக்கி, புதிய இலக்கம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். இடையில் திரை அசையாமல் நின்றாலும் கைவைக்காமல் பத்து நிமிடமாவது பொறுக்கவேண்டும்.

இன்று இதைவிடப் பெரிய கஷ்டம் நிலைபொருளைத் தேடிப் பிடிப்பது. 2006இல் சோனியும் என்ஈசியும் கூட்டாகத் தொடங்கிய ஒப்டியார்க் கம்பனி மூடப்பட்டு விட்டது. 2004இல் தொஷிபாவும் சாம்சுங்கும் கூட்டாகத் தொடங்கிய கம்பனியும் இல்லை. அவர்களுடைய கோப்புகள் இப்போது யாரோ தனியார் சேர்த்துவைத்த இடங்களில்தான் கிடைக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு, கள்ளச் சரக்கும் உண்டு. இரண்டு இடங்களில் எடுத்த கோப்பு ஒரே அளவாகவும் ஒரே இலக்கமாகவும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்றவேண்டாம். கருவி இப்போது செய்யும் வேலை உமக்குப் போதும் என்றால் தொடாமல் விடுவதே நல்லது.

எவ்வளவு வேகம் போதும்?

நிலைபொருள் மாறியதும் எமது கருவி 12 எக்ஸ் வரை அனுமதித்தது என்றோம். அன்று மாலையே 12இல் எழுதித் தள்ளினோம். எழுதிய ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாலாவது தட்டு வெளி ஓரத்தை நெருங்கிய இடத்தில் சிக்கிற்று. எழுதும் வேகம் உச்சத்தை அடைவதும் தட்டு கூடுதலாக அசைவதும் அங்கேதான். தாயொருத்தியின் கடைசிப் படம் எந்த ஓரத்தில் விழும் என்று யார் கண்டது? அன்று முதல் 8 எக்ஸ் என்று முடிவாயிற்று. 80 தட்டுக்கு 8 எக்ஸில் 11 மணித்தியாலம் அளவு, 12 எக்ஸில் அதைவிட ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலம் குறைவு. அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகப் பதற்றப்பட என்ன இருக்கிறது?

அப்படியானால் 1 எக்ஸ், 2 எக்ஸ் என்று ஆகக் குறைந்த வேகத்தில் எழுதுவதே பாதுகாப்பு அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். பலகாலம் நாமும் அப்படித்தான் நம்பினோம். அது சரியல்ல. 16 எக்ஸுக்கென்று செய்த சாயம் விரைவான சூட்டுக்கு ஏற்றவாறு அமைந்தது. அதன்மேல் லேசரை நெடுநேரம் நிறுத்தினால் குறி அகலித்துப் போகலாம். பொதுவாக 16 எக்ஸ் டீவீடிக்கு 8 எக்ஸ் போன்ற நடுவேகமே நல்ல பலன் தருகிறது. இதற்கும் அட்டவணை சரியாக இருக்கவேண்டும். எமது கருவி பழைய நிலைபொருளோடு 4 எக்ஸில் எழுதிய தட்டுக்களைவிட, புதிய நிலைபொருளோடு 8 எக்ஸில் எழுதியவற்றில் பிழை குறைவாக இருந்ததைச் சோதனை மென்பொருளில் கண்டோம். நாம் வேகம் தேடிப் போய் அதைவிட முக்கியமான ஒன்றைப் பெற்றோம். தட்டை அறிந்து எழுதும்போது எழுத்துத் தெளிவாகிறது, வேகமும் கூடவே வந்துவிடுகிறது.

2005இல் எமக்கு இது தெரிந்திருக்கவில்லை. வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். மலிவாகக் கிடைத்த தட்டை, கருவி அனுமதித்த உச்ச வேகத்தில், ஒப்பிட்டுப் பார்க்காமலே எழுதி, மேலே பெயர் ஒட்டிக் கொடுத்தோம். ஒட்டிய தாளும் ஒரு தவறு. வெப்பத்தில் பசை சுருங்கித் தட்டை வளைக்கும். சீடியில் தரவுப் படலம் மேற்பூச்சின் நேர் கீழேயே இருப்பதால், உரித்தெடுத்தால் தரவும் உரிந்து வரும். டீவீடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது, அவ்வளவில் தப்பியது. இன்று வாசிக்க மறுக்கும் தட்டுக்களில் எது எமது அவசரத்தால் கெட்டது, எது இருபது வருட வெக்கையாலும் ஈரத்தாலும் கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

இப்போது எழுதுபவற்றை வெயில் படாத இடத்தில், தனித்தனி உறையில், நிமிர்த்தி வைக்கச் சொல்கிறோம். பெயரை நடுவிலுள்ள தெளிந்த வளையத்தில் மாத்திரம், தண்ணீரில் கரையும் மைப்பேனையால் எழுதுகிறோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து வாசித்துப் பார்க்கும்படியும் கேட்கிறோம். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைக்கச் சொன்னதும் அதற்காகவே. கடற்கோளில் தப்பிய படங்கள் பெரும்பாலும் கல்முனையில் இருந்தவையல்ல. அவை மாப்பிள்ளை வீட்டாரிடமும் வெளிநாட்டிலுள்ள சகோதரரிடமும் இருந்தவை. ஊர் மலர்கள், பள்ளிவாசல் வெளியீடுகள், பாடசாலைச் சஞ்சிகைகள் போன்ற அச்சிட்டவை கிடைத்தால், 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தார் அவற்றை ஆவணப்படுத்துகிறார்கள் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

சாய்ந்தமருது ராத்தாவின் பிரதிகள் நோன்புப் பெருநாளுக்கு முன் ஆயத்தமாயின. இரண்டு டீவீடி, ஒரு பென்டிரைவ், அவற்றோடு கடையில் கழுவிய ஒரு கடதாசிப் படம். அவர் கடதாசியைத்தான் முதலில் எடுத்தார்.

எமது பெட்டியில் இன்னும் மூன்று தட்டுக்கள் எந்தக் கருவியிலும் வாசிக்கப்படாமல் இருக்கின்றன. ஒன்றின்மேல் 'மருதமுனை 4' என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. தட்டுக்குத் தட்டு கருவிகளின் வாசிக்கும் திறன் மாறும். ஒன்று கைவிட்டதை இன்னொன்று வாசிப்பதை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் 2003 முதல் 2008 வரையான காலத்து ரைட்டர் வைத்திருப்போர், அது வேலை செய்யுமானால், பழைய இரும்புக்குப் போடாமல் எமக்கு ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். நிலைபொருளைத் தொடமாட்டோம்.